இடது ஓரம் என் இடம்

கால்பந்தில் லெஃப்ட் பேக் ஆட்டக்காரனுக்காக யாரும் பாட்டுக் கட்டுவதில்லை, ஐயா. கோல் போடுகிறவனுக்குப் பாட்டு, கோலைத் தடுக்கிறவனுக்குக் கைதட்டல். இடது கோட்டை ஒட்டியே ஓடுகிறவனுக்குக் கிடைப்பதெல்லாம் வேலிக்குப் பின்னால் நிற்பவர்கள் துப்பும் சூரியகாந்தி விதைத் தோல்தான். பதினாறு வருடமாக அதை முதுகில் வாங்கியிருக்கிறேன். எனக்கு அதில் மனக்குறை இல்லை.

நீங்கள் மிம்மோ மாமா இறந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் அது நியாயமாகத் தெரியும்.

என் பெயர் நிக்கோடெமோ லகாத்தா. வயது முப்பத்து நான்கு. மூன்றாம் பிரிவிலும் நான்காம் பிரிவிலுமாகப் பதினோரு கிளப்புக்கு ஆடியிருக்கிறேன். அதில் மூன்று கிளப்புகள் இன்று உலகத்திலேயே இல்லை. என் மகள் ரோஸால்பா ஒன்பது வயதுக்குள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஐந்தாவது பள்ளியில் சேர்த்த அன்று, வகுப்பில் யாருடனும் பேசப்போவதில்லை என்று சொன்னாள். ஏனம்மா என்றேன். "எப்படியும் போகத்தானே போறோம்பா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த ஊருக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தோழி என்று ஒருத்தி கிடைத்தாள். என் மனைவி இம்மா துறைமுகத் தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை திறந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சுவரில் ஆணி அடித்தோம். அதுவரை எந்த வீட்டிலும் படம் மாட்டியதில்லை. திரும்ப எதற்குக் கழற்ற வேண்டும் என்றுதான்.

கிளப் தலைவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் பருவத்தில் இருபத்தைந்து மேட்ச் ஆடினால் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம், அதன் பிறகு இளைஞர் அணிக்குப் பயிற்சியாளர் வேலை. அதாவது ஆணி சுவரிலேயே இருக்கும். இருபத்தைந்து மேட்ச். நான் கேட்டது அவ்வளவுதான். அதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

ஜூலையில் வடக்கே மலை நாட்டிலிருந்து தானியேலே ஸனியேர் வந்தான். இருபத்து நான்கு வயது. கர்ப்பிணி மனைவியோடு வந்தான். அவள் பெயர் நிவெஸ். அவனும் லெஃப்ட் பேக்.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அவனைப் பார்த்தால் குமட்டும். உடை மாற்றும் அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஈரக் காலுறை, தைலம், கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கறுத்த இரத்தம், யாரோ வயிறு சரியில்லாமல் கதவை மூடாமல் உட்கார்ந்திருப்பான். அங்கே பதினாறு வருடம் வாழ்ந்தால் மனிதன் அதைத்தான் வீடு என்று நினைப்பான். இவன் வந்து காலுறையை மடித்து வைத்தான். குளித்துவிட்டுத் தரையில் தேங்கிய தண்ணீரைத் தானே தள்ளிவிட்டான். ஒவ்வொரு நாளும் மனைவிக்குப் போன் செய்து, பயிற்சியில் என்ன செய்தோம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னான். அந்தச் சுத்தம் எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் யாரும் மிதிக்காத கால் அது.

ஜெர்சி கொடுக்கும் நாளில் மிம்மோ மாமாவிடம் பதினேழாம் நம்பரைக் கேட்டான். மிம்மோ மாமா எங்கள் ஜெர்சி, பந்து, ஷூ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். அறுபத்தெட்டு வயது, அதில் நாற்பது வருடம் இந்தக் கிளப்பில். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் ராசிக்காகக் கோல் கம்பத்துக்குப் பின்னால் உப்புத் தூவுகிறவர்.

"அந்த நம்பர் நம்ம கிளப்புல கிடையாது தம்பி," என்றார்.

"ஏன் மாமா, இந்த ஊர்ல பதினாறுக்கு மேல எண்ணத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை; இந்தப் பக்கத்தில் பதினேழு கெட்ட எண், உங்களுக்கே தெரியும்.

"எண்ணத் தெரியும்டா. எங்க நிறுத்தணும்னும் தெரியும்."

"என் பொண்டாட்டி பிறந்த தேதி மாமா. பதினேழு. அதனால எனக்கு அது ராசி. குடுங்க, ஒண்ணும் ஆகாது."

தலைவர் புதுப் பையனின் மனம் கோணக்கூடாது என்று கொடுக்கச் சொல்லிவிட்டார். மாமா அதை விரல் நுனியால் பிடித்து, செத்த எலியை நீட்டுவது போல நீட்டினார்.

முதல் மூன்று மேட்சும் அவன்தான் ஆடினான். நான் பெஞ்சில் இருந்தேன். நன்றாகத்தான் ஆடினான், அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பயிற்சியாளர், மிஸ்டர் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், என்னைத் தனியே அழைத்தார். "நிக்கோ, நீ கேப்டன். உனக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை," என்றார். விளக்கம் சொல்ல வேண்டாதவன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பதினோரு கிளப்பில் கேட்டிருக்கிறேன்.

நான்காவது மேட்சுக்கு வெளியூர் போகும்போது மலைப்பாதையில் பேருந்து நின்றுவிட்டது. வெயில். எல்லோரும் சாலையோரம் இறங்கி நின்றோம். அதற்கு முந்தின வாரம் கோல்கீப்பர் செர்ஜோவுக்கு விரல் முறிந்திருந்தது. அதற்கு முன்னால் துவைக்கும் இயந்திரம் எரிந்துபோனது. இவையெல்லாம் ஒவ்வொரு வருடமும் நடப்பவைதான். நான் மிம்மோ மாமா பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பதினேழு வந்ததுலேர்ந்து நீங்களே எண்ணிப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். 'ராசி கெட்டவன்' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. மாமாதான் மெல்ல விரல் மடக்கினார். மூன்றாவது விரலில் நிறுத்தினார். அவருடைய இடது கை தானாக இடுப்புக்குக் கீழே போய், கெட்ட ராசி ஒட்டாமலிருக்க ஆண்கள் தொடும் இடத்தைத் தொட்டுக்கொண்டது.

நீங்கள் இந்த ஊர்க்காரர். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமைக்குள் முழு அணியும் எண்ண ஆரம்பித்துவிட்டது. அவன் அறைக்குள் வந்தால் ஒவ்வொருவன் கையும் கீழே போகும். அவன் உட்கார்ந்த பலகையில் யாரும் உட்காரவில்லை. கால் பிடித்துவிடுகிறவன் அவனுக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டான். வேலிக்குப் பின்னால் இருப்பவர்கள் அவன் பந்தைத் தொட்டதும் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார்கள், இரும்புச் சத்தம் கேட்டால் கெட்ட ராசி அண்டாது என்று. படித்தவர்கள், ஐயா. அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர்கள் மென்று மென்று ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஸனியேர் முதலில் சிரித்தான். வேண்டுமென்றே ஏணிக்கு அடியில் நடந்து காட்டினான். "டேய், தள்ளி நில்லுங்க, உங்க மேல இடி விழப்போகுது," என்று அவனே கேலி செய்தான். பிறகு சிரிப்பதை நிறுத்தினான். ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அதுதான் பிரச்சினை. மிஸ்டரும் வடக்கத்திக்காரர், கால் ஓடினால் போதும் என்கிறவர். ஆறாவது மேட்சில் ஸனியேர் இருபது மீட்டரிலிருந்து ஒரு கோல் போட்டான். அரங்கத்தில் பாதிப்பேர் கைதட்டிவிட்டார்கள். தட்டிய கையை உடனே கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள், ஆனாலும் தட்டினார்கள். இன்னும் இரண்டு கோல் போட்டால் எண்ணிய விரல்களையெல்லாம் நீட்டிவிடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவன் முதல் கோல் போட்டால் அணிக்குச் சிப்பி விருந்து வைக்க வேண்டும். கறுப்புச் சிப்பி, பச்சையாக, எலுமிச்சை பிழிந்து. அவனுக்கு மலைநாடு, சிப்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னிடம்தான் வந்தான். அவனோடு பேசிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான், ஐயா. கேப்டன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"கேப்டன், எவ்வளவு வாங்கணும்? எங்க வாங்கணும்?"

"நீ கடையில பத்து கிலோ சொல்லிடு தம்பி. நான் கார்ல எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. விருந்து வெக்கிறவன், எல்லாரும் முடிக்கிற வரைக்கும் ஒண்ணைக்கூடத் தொடக்கூடாது. இங்க மரியாதை அது."

அப்படி ஒரு மரியாதை கிடையாது. அதை நான் அந்த நிமிடம் உண்டாக்கினேன்.

என் அப்பா மீன் விற்றவர். செத்த சிப்பி எது, உயிருள்ளது எது என்று கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்வேன். புதன்கிழமை காலையில் ஊர்ச் சாக்கடை கடலில் விழும் இடத்துக்கு ஒரு வாளியோடு போனேன். வலை பழுது பார்க்கிறவன் என்னைப் பார்த்ததாகச் சொன்னானாம்; உண்மைதான். அங்கே பழைய படகுகளைக் கட்டும் தூண்களில் சிப்பி கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். கொழுத்தவை. அவை தின்பது அப்படி. அதில் மூன்று கிலோவைச் சுரண்டி, காரின் பின்பக்கத்தில் ஈரச் சாக்குப் போட்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தேன். மறுநாள் மதியம் திறந்தபோது வந்த வாடையை நான் விவரிக்க விரும்பவில்லை. ஐந்து முறை கடல் தண்ணீரில் அலசினேன். வாய் பிளந்தவற்றை எறிந்தேன். மூடியிருந்தவற்றைக் கடையில் வாங்கியவற்றோடு கலந்தேன். எலுமிச்சை நிறைய வாங்கினேன்.

வியாழன் பயிற்சி முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அவனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். "ராசி எப்படியோ, சிப்பி ருசிடா," என்றான் செர்ஜோ. ஸனியேர் தட்டுத் தட்டாகப் பரிமாறினான். அன்று அவன் முகம் கல்யாண வீட்டுக்காரன் முகம் போல இருந்தது. தன்னை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் இரண்டு சாப்பிட்டேன். அணிக்கு ஒன்று வந்தால் கேப்டனுக்கும் வர வேண்டும். அதில் நான் எப்போதும் நேர்மையானவன்.

விடிவதற்குள் ஆரம்பித்தது. பதினான்கு பேர். வெள்ளிக்கிழமை மைதானத்தில் இருந்தது இரண்டே கழிப்பறை. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். வளர்ந்த ஆண்கள் வாளியைக் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒருவனுக்கு ஒன்றுமில்லை. ஸனியேர் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை. நாக்கு வறண்டு கிடந்தவன்கூட வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆட்டக்காரர்களை வைத்து ஆடி ஐந்து கோல் வாங்கினோம். திங்கட்கிழமை மிம்மோ மாமா ஆஸ்பத்திரியில் இறந்தார்.

சுகாதாரத் துறையினர் கடைக்காரரின் தொட்டியைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. ஏதோ ஒரு சிப்பி, கெட்ட நேரம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஊரும் அதையேதான் சொன்னது, நேரத்துக்கு ஒரு பெயரும் வைத்து. சவ ஊர்வலத்தில் ஸனியேர் மாமாவின் பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்தபோது அவர் தங்கை அவன் காலடியில் உப்பைக் கொட்டினாள். அடுத்த மேட்சில் மிஸ்டர் என்னை இறக்கினார். கால் ஓடினால் போதும் என்கிற மிஸ்டரும் அன்று கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் அவனிடம் பேசினார்.

அதன் பிறகு எல்லா மேட்சும் நான்தான் ஆடினேன். நேற்றோடு பதின்மூன்று.

நவம்பரில் ஒரு மதியம் அவன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். இம்மா திறந்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள், இரும்பு அல்லவா. அவன் வாசலைத் தாண்டவில்லை.

"நான் உள்ள வரல கேப்டன். ரோஸால்பா வீட்ல இருக்கா இல்ல?"

"என்னடா பேச்சு இது. வா."

"வேணாம். நிவெஸுக்குக் குழந்தை பிறந்துடுச்சு. பொண்ணு. மூணு நாளாச்சு."

"நல்ல சேதிதானே."

"நான் இன்னும் தூக்கல." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கண்ணாடி வழியாத்தான் பார்த்தேன். நிவெஸ் திட்டுறா. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்னு எனக்கும் தெரியும் கேப்டன். ஆனா அன்னிக்கு நான் குடுத்த தட்டு. நான் மட்டும் சாப்பிடல. எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. இந்த ஊர்லயே உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும். நீங்க சொன்னா நம்புவேன். தூக்கலாமா?"

ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். தூக்குடா மடையா என்று சொல்லியிருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பான். அடுத்த நாள் பயிற்சியில் பழையபடி பறந்திருப்பான். அப்போது நான் ஆடியிருந்தது நான்கு மேட்ச். நான் யோசித்துப் பார்த்தேன். உள்ளே என் மகள் தோழியோடு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"சீசன் முடியட்டும் தம்பி," என்றேன். "எதுக்கு இப்ப போய். பச்சைக் குழந்தை."

அவன் தலையாட்டினான். "தேங்க்ஸ் கேப்டன்," என்றான். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான். படியிறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல் இறங்கினான், பிறகு அதை நாங்கள் தொட வேண்டியிருக்குமே என்று. கெட்டவன் இல்லை என்று சொன்னேனே.

டிசம்பரில் நிவெஸ் குழந்தையை எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போய்விட்டாள். போன வியாழக்கிழமை அவனே இந்த நிலையத்துக்கு வந்து, மிம்மோ லக்குவானித்தியைக் கொன்றது நான்தான், என்னைக் கைது செய்யுங்கள் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். எப்படிக் கொன்றாய் என்று கேட்டதற்கு, என் ராசியால் என்று சொன்னானாம். நீங்கள் சிரித்தீர்களாம். பிறகு, சரி, சிப்பியை யார் வாங்கியது, யார் கொண்டுவந்தது, நீ ஏன் சாப்பிடவில்லை என்று வேடிக்கையாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு அவன் சொன்ன பதிலில்தான் நீங்கள் சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஐயா. இன்றைக்கும் அது இந்த ஊர் மரியாதை என்றுதான் நம்பிக்கொண்டிருப்பான்.

இப்போது நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. வயிற்றுப்போக்கு வரவைக்க நினைத்தேனா, அல்லது ஆளே போக வேண்டும் என்று நினைத்தேனா.

மிம்மோ மாமாவுக்கு ஈரல் கெட்டிருந்தது. மாதம் ஒரு தடவை நான்தான் அவரைக் காரில் நகரத்து டாக்டரிடம் கூட்டிப்போவேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவார், சின்னப் பையனுக்குக் கட்டுவது போல. பச்சைச் சிப்பி ஒன்று போதும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். அன்று விருந்தில் மாமா தட்டைத் தள்ளிவிட்டார். "எனக்கு வேணாம்டா நிக்கோ. டாக்டர் திட்டுவார், உனக்குத்தான் தெரியுமே," என்றார்.

நான் வாளியின் அடியிலிருந்து நாலு எடுத்து, பிளந்து, எலுமிச்சை பிழிந்து அவர் முன்னால் வைத்தேன். அந்த நாலும் எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும், தனியாகத்தான் வைத்திருந்தேன். "முதல் கோல் விருந்து மாமா. வேணாம்னு தள்ளினா அபசகுனம். அதுவும் அந்தப் பதினேழோட விருந்து," என்றேன். அவர் ஒரு கணம் பயந்தார். இடது கை கீழே போனது. வலது கையால் எடுத்துச் சாப்பிட்டார். நாலையும்.

வயிற்றுப்போக்கை ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும், ஐயா. சாவை மறக்காது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். நினைத்துத்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவன் இந்த ஊருக்கு வராமல் இருந்திருந்தால் மாமா இன்று உயிரோடு இருப்பார். துவைக்கும் இயந்திரம், பேருந்து, செர்ஜோவின் விரல், இவை எதையும் நான் செய்யவில்லையே. இப்போது நான் இங்கே உட்கார்ந்திருப்பதும் அவன் இந்தக் கதவுக்குள் நுழைந்ததால்தான். அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான் என்றால், தயவுசெய்து என்னைப் பின்வாசல் வழியாக அனுப்புங்கள். பயம் என்று நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மேட்ச் இருக்கிறது.